சீசன் கூட்டமும் டவுன் பஸ் கூட்டமும்: தென்காசி, குற்றாலத்தில் அக்குபங்சர் தொழில்

குற்றாலத்தில் உடம்பைப் பிடித்துவிடுவது பழைய தொழில். பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெயோடு காத்திருக்கும் மசாஜ்காரர்களையும், வேரும் பட்டையும் தைலமும் பரப்பிய கடைகளையும் பார்க்காமல் யாரும் அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட முடியாது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரள ஆயுர்வேதம். கிழக்கே பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி. அங்கே படித்து வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. போதாததற்குத் தடவு வைத்தியர், சுளுக்கு எடுப்பவர், வர்ம ஆசான் என்று பட்டம் இல்லாத கைகளும் உண்டு. இத்தனை பேர் ஏற்கெனவே வலிக்குக் கடை விரித்திருக்கும் ஊரில், புதிதாக ஒருவர் 'அக்குபங்சர் சிகிச்சை மையம்' என்று போர்டு மாட்டினால் அவர் பிழைப்பாரா?

பிழைக்கலாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நினைக்கிற வழியில் அல்ல.

நினைக்கிற வழி எது என்பது தெரிந்ததுதான். ஆனி பிறந்தால் சாரல் தொடங்கும், ஆவணி வரை கூட்டம் குறையாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்பன்மார் அருவியில் குளிக்க வருவார்கள். ஐந்தருவிச் சாலையில் ஒரு ரிசார்ட்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மூங்கில் தட்டியும் மெல்லிய இசையும் வைத்த ஓர் அறையில் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கினால் போதுமே என்று தோன்றும். கணக்கு இடிப்பது இங்கேதான். சீசனுக்கு வருகிறவர் தங்குவது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அக்குபங்சர் ஏதாவது செய்கிறது என்றால் அது வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்தாறு வாரம் தொடர்ந்து செய்யும்போதுதான். முதல் நாள் ஊசி முடிந்து எழுந்து போகிறவருக்குக் கிடைப்பது நல்ல தூக்கம். அதைக் கொடுக்க எண்ணெய் மசாஜே போதும், விலையும் மலிவு. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் கூட்டம் கரைந்துவிடும் என்பது தனிக்கதை. சீசன் கைகொடுக்காத வருஷம் எப்படி இருக்கும் என்று இங்கே லாட்ஜ் நடத்துகிறவர்களைக் கேட்டால் போதும்.

அப்படியானால் திரும்பத் திரும்ப வரக்கூடியவர் யார்? அதற்குப் போகும் முன் இந்த வைத்தியம் இங்கே எப்படி வந்தது, எந்த நோய்க்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். தொழில் வெற்றியின் பாதி அதில் அடங்கியிருக்கிறது.

ஊசி வந்த வழி

1938-இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்தார். திரும்பி வந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவின் விஜய் குமார் பாசு. அவர் 1958-இல் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, அடுத்த ஆண்டு கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவில் இந்த வைத்தியத்தின் வேர் அதுதான். தனிச் சட்டம் இயற்றிய மாநிலங்களைப் பார்த்தால் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகும். மேற்கு வங்கம் 1996-இல் சட்டம் கொண்டுவந்தது, மகாராஷ்டிரத்தின் சட்டம் 2015-ஆம் ஆண்டினது. பாசுவின் ஊரும் கோட்னிஸின் ஊரும் உள்ள மாநிலங்கள். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

மேலை நாடுகளில் ஆர்வம் பற்றிக்கொண்டது 1971-இல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வந்த வயிற்று உபாதைக்கு ஊசி குத்தினார்கள், அதை அவர் எழுதினார். அறுவை சிகிச்சையே ஊசி மயக்கத்தில் நடந்ததாக இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அது தவறு, அறுவைக்கு வழக்கமான மருந்து ஊசிதான் போட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வாசல் கொழும்பு. களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பிரிவுக்கு வெளிநாட்டார் பலரும் வந்து கற்றார்கள். அவர் தொடங்கிய மாற்று மருத்துவ அமைப்பின் பெயரால் வந்த 'எம்.டி.' பட்டங்கள் நம் ஊர்ச் சுவர்களிலும் தொங்கின. அந்தப் பட்டங்களுக்கு இங்கே மருத்துவப் பட்ட மதிப்பு கிடையாது என்பதைத் தொங்கவிட்டவர்களில் எத்தனை பேர் நோயாளியிடம் சொன்னார்களோ.

இதெல்லாம் ஊசியின் கதை. தமிழ்நாட்டில் பரவியதோ பெரும்பாலும் ஊசி இல்லாத அக்குபங்சர். நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் முறை. இவர்கள் தங்களை 'ஹீலர்' என்கிறார்கள். கம்பத்தில் இருந்துகொண்டு பயிற்சி வகுப்பும் புத்தகமுமாக இதைப் பரப்பிய அ. உமர் பாரூக் போன்றவர்கள் வழியாகத் தென் மாவட்டங்களில் சிற்றூர் வரை இது போயிற்று. பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, காய்ச்சல் என்பது உடம்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது என்பதெல்லாம் சேர்ந்த ஒரு வாழ்க்கைப் பார்வையாகவே அது வந்தது. மாத்திரைப் பட்டியலைப் பார்த்து மிரண்டவர்களுக்கு அதில் ஒரு விடுதலை தெரிந்தது. இந்த வட்டாரத்தில் அது எளிதாக வேர் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நாடி பிடித்து நோய் சொல்வதும், ஓர் இடத்தைத் தொட்டால் வேறோர் இடத்தில் வேலை செய்யும் என்பதும் சித்த மருத்துவமும் வர்மமும் பழக்கிவிட்ட எண்ணங்கள். சீனப் பெயரைச் சொன்னாலும் கேட்கிறவர் மனத்தில் ஓடுவது வர்மப் புள்ளிதான்.

சட்டப்படி நிலைமை இப்படி. 2003 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், உரிய பயிற்சி பெற்றவர்கள் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரி 21-இல் அதைத் தனி மருத்துவ முறையாக ஏற்று ஆணை வந்தது. யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடம், ஆகவே அந்தப் பட்டதாரிகளின் நிலை உறுதியானது. மற்றவர்கள் பட்டயச் சான்றிதழை வைத்துக்கொண்டு, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா கூடாதா என்ற இடத்தில் நிற்கிறார்கள். போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தென்காசி மாதிரி ஊரில் 'டாக்டர்' என்று எழுதாவிட்டாலும் ஜனங்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுதினாலோ என்றைக்காவது ஒருநாள் சுகாதாரத் துறை ஆய்வுக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதற்கு உதவும்

அக்குபங்சர் மையங்களின் நோட்டீஸ்களில் உலக சுகாதார நிறுவனம் 43 நோய்களுக்கு இதைப் பரிந்துரைத்தது என்ற வரி தவறாமல் இருக்கும். அந்தப் பட்டியல் 1979-இல் பீகிங்கில் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பிறந்தது. கூடியிருந்தவர்களின் அனுபவத்தை ஒட்டியது, ஒப்பீட்டுச் சோதனைகளில் தேறிய பட்டியல் அல்ல. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதையே அச்சடித்துக்கொண்டிருப்பது இந்தத் துறைக்குப் பெருமை சேர்க்கவில்லை.

அதன் பிறகு நடந்த சோதனைகளில் முக்கியமானது ஜெர்மனியில் நடந்த ஒன்று. 2007-இல் வெளியான அதில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை. ஊசி வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், மொத்தம் 10 முறை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க நிவாரணம் பெற்றவர்கள் முதல் பிரிவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4.

இந்த மூன்று எண்களையும் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய பக்கம் இழுத்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிட ஏறக்குறைய இரு மடங்கு பேருக்குக் குணம் என்று ஊசிக்காரர்கள் கொண்டாடினார்கள். சரியான புள்ளிக்கும் தவறான புள்ளிக்கும் வித்தியாசமே இல்லையே, அப்புறம் நாடி என்ன, மெரிடியன் என்கிற ஆற்றல் தடம் என்ன என்று மறுப்பவர்கள் கேட்டார்கள். இரு தரப்பும் சொன்னது நியாயம்தான். ஜெர்மனியின் பொதுக் காப்பீடு தத்துவத்துக்குள் போகாமல், இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் அரசுக்கு மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2009-இல் இடுப்பு வலிக்குப் பரிந்துரைத்தது, 2016-இல் எடுத்துவிட்டது, 2021-இல் நாள்பட்ட வலிக்கு என்று வேறு வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது. 2018-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு 39 சோதனைகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. நாள்பட்ட வலியில் போலி ஊசியைவிட உண்மை ஊசி கொஞ்சம் மேல், ஒன்றுமே செய்யாததைவிட நன்றாகவே மேல், பலன் ஓராண்டு வரை பெரிதும் நிற்கிறது என்பது அதன் முடிவு.

என் கணிப்பில், முதுகு, கழுத்து, தோள், முழங்கால், அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றுக்கு அக்குபங்சரை மனச்சாட்சியோடு விற்கலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்று, குழந்தையின்மை என்று போர்டில் எழுதுவது வியாபாரம். புற்றையும் சர்க்கரையையும் தீர்ப்பதாக மருந்துக்கோ மாய வைத்தியத்துக்கோ விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். ஊசிக்கும் தொடுதலுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று வாதாடலாம். ஆனால் போர்டை நம்பி வருகிறவர் வழக்கறிஞரோடு வருவதில்லை.

யாருக்கு வலிக்கிறது

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. இந்த மாவட்டத்தின் வேலைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் வலியின் வரைபடம் கிடைக்கும். சங்கரன்கோவிலில் விசைத்தறி. புளியங்குடியில் எலுமிச்சை, பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை, இரண்டு இடத்திலும் மூட்டை தூக்குகிறவர்கள். சிற்றாற்றுப் பாசனத்தில் குனிந்து நாற்று நடுகிறவர்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் தொடங்கிய அலுவலகத்தில் திரையைப் பார்த்தபடி கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். எல்லாருக்கும் மேலாக, கடையநல்லூரிலிருந்து கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் வரை வீட்டுத் திண்ணையிலும் வாசல் நடையிலும் பீடி சுற்றும் பெண்கள்.

பீடி சுற்றுகிறவரின் உடம்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி, மடியில் சுளகு. ஊறவைத்து எடுத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவதில் வலது கட்டை விரலின் அடிமூட்டு தேய்கிறது. தூளை வைத்துச் சுருட்டுவதில் இரண்டு கைகளின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும். நுனியை மடக்கி நூல் கட்டுவதில் நகம். இந்த நேரம் முழுவதும் பார்வை மடியில், ஆகவே கழுத்து குனிந்தபடி. நாளுக்கு ஐந்நூறு, எழுநூறு, கை வேகமானவர்கள் ஆயிரம். பிள்ளைப் பருவத்தில் அம்மாவுக்கு நூல் கட்டிக் கொடுத்துத் தொடங்கி ஐம்பது வயது வரை இதே இருப்பு என்றால் பிடரியிலும் தோள்பட்டையிலும் கல் வைத்த மாதிரி இறுகிப்போவதும், ராத்திரி கை மரத்து எழுப்புவதும் வியப்பில்லை. தைலம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, பிறகு வயிற்று எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று மருத்துவமனை இருக்கிறது. ஆனால் உயிர் போகும் நோய் அல்லாத ஒரு வலிக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போகிறவர்கள் குறைவு.

மேலே சொன்ன சோதனைகளில் அக்குபங்சர் ஓரளவு தேறியிருக்கும் வலிகளும் இந்தப் பெண்களின் வலிகளும் பெரும்பாலும் ஒன்று. இந்தத் தொழிலுக்குத் தென்காசி வட்டாரத்தில் ஓர் எதிர்காலம் இருக்கிறது என்றால் அது இங்கே. ரிசார்ட்டில் இல்லை.

இன்னொரு சங்கதி சேர்ந்துகொண்டிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை வரச் சொன்னால் சிகிச்சைக் கட்டணத்துக்குச் சமமாகப் பஸ் செலவு வரும், நாலாவது முறை ஆள் நின்றுவிடுவார். இப்போது அந்தத் தடை பெண்களுக்கு இல்லை. ஆகவே மையம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் என்பதே பதில். கார் நிறுத்த வசதி பார்த்துக் குற்றாலம் சாலையில் இடம் பிடிப்பவர், தன்னிடம் தொடர்ந்து வரக்கூடியவர்களைத் தானே தூர நிறுத்துகிறார். நேரமும் அப்படித்தான். பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வரும் பொழுதில் திறந்திருக்க வேண்டும். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று ஆஸ்பத்திரி நேரம் போட்டால் ஈ ஓட்டலாம்.

நாற்காலிக் கணக்கு

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 2002-இல் லிசா ரோலெடர் என்ற அக்குபங்சர் சிகிச்சையாளரும் நண்பர்களும், தங்கள் அக்கம்பக்கத்து உழைப்பாளிகளால் தங்கள் கட்டணத்தைக் கொடுக்க முடியவில்லை என்று கண்டு ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்கள். தனி அறை, படுக்கை எல்லாம் கிடையாது. ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகள், அவரவர் உட்கார்ந்து ஊசியோடு அரை மணி கண் மூடிக்கொள்ள, சிகிச்சையாளர் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போவார். கட்டணம் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, இடையில் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், சான்று காட்ட வேண்டாம். சமூக அக்குபங்சர் என்ற பெயரில் அது ஓர் இயக்கமாகவே பரவியது.

தென்காசிக்கு இந்த ஏற்பாடு அமெரிக்காவைவிட நன்றாகப் பொருந்தும். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் உள்ள புள்ளிகளை வைத்தே தோள், கழுத்து, முதுகு வலிகளுக்குச் சிகிச்சை செய்ய முடியும். சேலை விலக வேண்டாம், படுக்க வேண்டாம், திரை வேண்டாம். தோள் வலிக்குக் குத்தும் எஸ்.டி. 38 என்ற புள்ளி முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பின் வெளி ஓரத்தில் இருக்கிறது. மயிரிழையைவிடச் சற்றே பருமனான, கால் மில்லிமீட்டர் ஊசியைச் சிறு குழாய் வழியாகத் தட்டி இறக்கி, லேசாகத் திருகும்போது காலில் மதமதப்பான ஒரு கனம் பரவும். அப்போது 'கையத் தூக்கிப் பாருங்கக்கா' என்று சொல்வார்கள். தூக்க முடியாத கை ஒரு சாண் அதிகமாக எழும்பும்போது அக்காவின் முகத்தில் வரும் சந்தேகச் சிரிப்பு எந்த விளம்பரத்தைவிடவும் வேலை செய்யும். எழும்பாமல் போவதும் உண்டு. அதையும் அந்தக் கூடத்தில் எல்லாரும் பார்ப்பார்கள், அது நல்லதுதான்.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் கடையநல்லூர், பொட்டல்புதூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலிருந்தும் தயங்காமல் வருவார்கள். சிகிச்சை செய்பவரும் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த வட்டாரத்தில் பெண் அக்குபங்சர் சிகிச்சையாளருக்கு இருக்கும் சாதகத்தைத் தொழிலுக்குள் இருப்பவர்களே போதிய அளவு உணரவில்லை.

பணத்தைப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் நானாக வைத்துக்கொண்டவை, அவரவர் தெரு நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆறு நாற்காலி, நாளுக்கு 20 பேர், மாதம் 25 நாள். ஒருவருக்கு ஆறு ஊசி என்றால் மாதம் 3,000 ஊசி. ஒன்று 3 ரூபாய் என்றால் 9,000. வாடகை 8,000, உதவிக்கு ஒரு பெண் 10,000, மின்சாரம், பஞ்சு, ஸ்பிரிட், கழிவு அகற்றல் 3,000. ஆக 30,000 செலவு. கட்டணம் 100 என்றால் வரவு 50,000, கையில் நிற்பது 20,000. கட்டணம் 150 என்றால் வரவு 75,000, நிற்பது 45,000. ஐம்பது ரூபாய் வித்தியாசத்தில் வருமானம் இரு மடங்குக்கு மேல் தாவுகிறது. ஆனால் பத்து முறை வரவேண்டிய பீடித் தொழிலாளிக்கு 1,500 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு வாரக் கூலியை விழுங்கிவிடும். ஒரே கட்டணம் வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஜோஹோ இளைஞரிடம் 300 வாங்கலாம், அவர் முகம் சுளிக்க மாட்டார். பீடி சுற்றுகிறவரிடம் 70 போதும். போர்ட்லேண்ட் முறைப்படி 'முடிந்ததைக் கொடுங்கள்' என்று வாயால் கேட்டால் நம் பெண்கள் கூச்சப்பட்டுக் கடன் வாங்கியாவது முழுத் தொகையைக் கொடுப்பார்கள், அல்லது வராமல் நின்றுவிடுவார்கள். கூடத்தின் வாசலில் ஓர் உண்டியல் வைத்துவிட்டு யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்காமல் இருப்பது நம் ஊர் வழக்கத்துக்கு ஒத்து வரும். கோயில்கள் காலங்காலமாக அப்படித்தான் நடக்கின்றன.

'மருந்தே இல்லாத ஊசிக்கு எதுக்கும்மா துட்டு?' என்ற கேள்வி எப்படியும் வரும். அதற்குத் தத்துவ விளக்கம் தேவையில்லை. நாலு முறை பாருங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று சொல்லி, உண்மையாகவே நாலாவது முறையில் நிறுத்தத் தெரிய வேண்டும். பத்து முறைக்கு முன்பணம் வாங்கும் பேக்கேஜ் நகரத்து வித்தை. சிற்றூரில் அது ஒரே ஒரு அதிருப்தியாளரோடு ஊர் முழுக்க நாறும்.

எங்கே நிறுத்துவது

இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை. தோள்பட்டை மேட்டிலுள்ள ஜி.பி. 21 என்ற புள்ளியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறை கிழியலாம் என்பது உண்மை. ஒருமுறை பயன்படுத்திய ஊசியைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் உண்மை. சர்க்கரை நோயாளியின் உணர்ச்சி மங்கிய பாதத்தில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காகக் கற்றவருக்குத் தெரிந்தவை. ஆபத்து வாயில் இருக்கிறது. 'அந்த மாத்திரைய நிறுத்திருங்க' என்ற ஒரு வாக்கியத்தில்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் ஆசிரியை இறந்தார். அடுத்த மாதம், வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று அறிவித்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தபோது, சிகிச்சை பார்த்ததாக அக்குபங்சர்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டார். நேமம் இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம்தான். அந்தச் செய்தி வந்த நாட்களில் கழுத்து வலிக்கு ஊசி போடுகிறவர்களையும் அக்கம்பக்கத்தார் சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

மருந்தில்லா மருத்துவம் என்ற கொள்கையை நான் எள்ளி நகையாடவில்லை. தேவையற்ற ஸ்கேனும் பட்டியல் நீண்ட மாத்திரையும் அந்தக் கொள்கைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தன. ஆனால் கொள்கை வேறு, இன்சுலின் வேறு. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த மாத்திரையைத் தொடச் சொல்லாமலும் விடச் சொல்லாமலும் இருக்கும் அக்குபங்சர்காரருக்குக் கிராம சுகாதார செவிலியரே ஆள் அனுப்பிவைப்பார். விடச் சொல்கிறவரை அவரே ஊருக்கெல்லாம் எச்சரிப்பார்.

திருப்பி அனுப்பத் தெரிவது பணத்திலும் லாபம்தான். இடது தோள் வலி என்று வந்தவருக்கு வியர்த்துக் கொட்டினால் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும். முதுகு வலியோடு கால் பலமிழந்து சிறுநீர் கட்டுக்குள் இல்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு. இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சலோடு முதுகு வலி ஆகியவற்றுக்கு ஊசியை எடுக்கவே கூடாது. அப்படி அனுப்பிவைக்கப்பட்டுப் பிழைத்த ஒருவர் தன் தெருவிலிருந்து பத்துப் பேரை முழங்கால் வலிக்கு அழைத்து வருவார். இந்த வட்டாரத்தில் சித்த மருத்துவர்களிலும் வர்ம ஆசான்களிலும் பெயர் நிலைத்தவர்களைப் பார்த்தால், 'இது எனக்கு ஆகாது, டவுனுக்குக் கொண்டுபோ' என்று சொல்லத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். வந்தவர் பெயர், வேலை, வலி பத்துக்கு எத்தனை என்று அவர் சொன்ன எண், எத்தனையாவது முறையில் அது குறைந்தது, எத்தனையாவதில் நின்றுவிட்டார். தமிழ்நாட்டில் இத்தனை ஆயிரம் பேர் இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள், மேடையில் அற்புதக் கதைகளுக்கும் குறைவில்லை. ஆனால் தன் மையத்தில் நூறு பேர் வந்தால் எத்தனை பேருக்கு வலி பாதியாயிற்று என்று கேட்டால் புரட்டிப் பார்த்துச் சொல்லும் ஆள் அரிது. கடையநல்லூரிலோ பாவூர்சத்திரத்திலோ யாராவது ஒருவர் இரண்டு வருஷம் பீடித் தொழிலாளர்களின் கணக்கை இப்படி எழுதி வைத்தால், அதை எடுத்துக்கொண்டு பீடித் தொழிலாளர் நல நிதியிடமோ முக்கூடல் மருத்துவமனையிடமோ போய், வாரத்தில் இரண்டு நாள் உங்கள் இடத்தில் ஆறு நாற்காலி போட விடுங்கள் என்று கேட்கலாம். ஜெர்மனியின் காப்பீட்டாளர்கள் கேட்டதும் எண்களைத்தான்.